கத்தார்க்காரியாகப் புதுச்சேரியில் நான்கு நாள்

சென்னை விமான நிலைய வாசலில் ஓர் ஆள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அட்டையில் மலர்க்கொடி என்று என் பெயர். பக்கத்தில் கத்தார் கொடி.

நான் பிறந்தது தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில். கடலூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் எங்கள் வீடு. பதினொரு வருடமாகத் தோஹாவில் ஒரு பெரிய கடைவளாகத்தில் காவல் வேலை. திருடுகிற பெண்களைப் பிடிப்பதும், காணாமல் போன பிள்ளைகளை அம்மாவிடம் சேர்ப்பதும் என் வேலை. அதனால் நான் கத்தார்.

எனக்குப் புதுச்சேரியில் கராத்தே சொல்லிக்கொடுத்த மாஸ்டர்தான் போன் செய்திருந்தார். அழைப்பு இருப்பவர்கள் மட்டும் ஆடும் போட்டி. கையுறை கிடையாது. தொட்டுவிட்டுப் புள்ளி வாங்கும் கராத்தேயும் கிடையாது. அடி உண்மையாகவே விழும்.

“பொம்பளைங்க எட்டு பேருதான். நேபாளத்துலருந்து ஒண்ணு வருது. இன்னொரு நாட்டுக் கொடி இருந்தா நோட்டீஸு பாக்க நல்லா இருக்கும். நீ கத்தார்னு வா மலரு. டிக்கெட்டு, ரூமு, சோறு எல்லாம் நம்மளுது.”

“ஏன், புதுச்சேரின்னு போட்டா என்ன மாஸ்டர்?”

“புதுச்சேரிக்குத்தான் ஹமீதா இருக்காளே.”

அங்கேயே எனக்கு எரிந்தது. நான் பழுப்பு பெல்ட் கட்டியிருந்தபோது வெள்ளை பெல்ட்டோடு வந்து வரிசையின் கடைசியில் நின்ற பெண் ஹமீதா. இப்போது ஊரே அவள் பெயரில்.

ஆனாலும் ஒப்புக்கொண்டேன். பெண்கள் பிரிவில் ஜெயிப்பவளுக்கு ஜப்பானில் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடம் உண்டு. அது நான்கு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. முப்பத்தைந்து வயது தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை. எனக்கு முப்பத்து நான்கு. ஹமீதாவுக்கு இருபத்து மூன்று. அவளுக்கு இன்னும் எத்தனையோ தடவை இருக்கிறது. எனக்கு இந்த ஒன்றுதான்.

வேன் மரக்காணம் தாண்டியதும் பின் டயர் காற்று போய் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு என்னிடம் வந்து, “மேடம், சிட், சிட், டென் மினிட்ஸ்” என்றான். இருபது நிமிடம் ஆயிற்று. நான் இறங்கினேன்.

“ஜாக்கிய எங்கடா வெச்ச?”

அவன் இரண்டடி பின்னால் போனான். “மேடம் தமிழா?”

“இல்ல. கத்தார். ஜாக்கி எங்க?”

ஜாக்கி அவன் மச்சான் வண்டியில் இருந்தது. உப்பளத்துக்கு உப்பு மூட்டை ஏற்றப் போன ஒரு லாரியை நிறுத்தி, ஜாக்கி வாங்கி, டயர் மாற்றினோம். தோஹாவில் இப்படி ஆகியிருந்தால் போன் செய்து ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பேன். இங்கே கையெல்லாம் கிரீஸ். மறுபடி வேனில் ஏறியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான். “நம்ம ஊரு பேச்சு அப்டியே பேசுறீங்களே மேடம், யார் சொல்லிக் குடுத்தது?” என்றான். எங்க ஆத்தா என்றேன்.

அறை, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. மஞ்சள் சுவர், உயரமான கதவு, வாசலில் காகிதப்பூக் கொடி. இந்தத் தெருவில் நான் முன்பு நடந்திருக்கிறேன், தங்கியதில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது அவருடைய தாத்தா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். என் தாத்தா போடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கப் பாரீசுக்குப் போனார்கள், நான் கடைவளாகத்தில் நிற்கத் தோஹாவுக்குப் போனேன். வயிறெரிச்சல் எனக்குப் புதிது இல்லை.

என்னோடு அறையில் தங்கியவள் நேபாளத்து பிமலா. தோஹாவில் கற்ற இந்தியில் அவளோடு பேசுவேன். பெட்டியைத் திறந்ததும் அவள் முதலில் எடுத்து வைத்தது ஒரு கண்ணாடி எடை மெஷின். எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவாளாம்.

மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்து இருவரும் அதில் ஏறினோம். எனக்கு அறுபத்து நான்கு கிலோ முந்நூறு கிராம். “நீ கனம். கனமான பெண் கீழே விழ மாட்டாள்” என்றாள் பிமலா. அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க நினைத்தும் முடியவில்லை.

அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு நீள ரொட்டியும் வெண்ணெயும் முட்டையும் வைத்தார்கள். ரொட்டியைக் கடித்தால் பல் வலித்தது. கத்தாரில் குப்பூஸ் ரொட்டி சாப்பிட்டுச் சாப்பிட்டு மெத்தென்று பழகிய வாய். பிமலாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்து முட்டை தோசையும் வடகறியும் வாங்கிக்கொடுத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம். “இதைத் தின்றுதான் நீங்கள் இவ்வளவு கோபமாக இருக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

போட்டி ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் பெண் மாப்பிள்ளை நாற்காலி இரண்டும் அப்படியே இருந்தன. அவற்றில் தலைமை நடுவரும் ஒரு பிரமுகரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை நடுவர் கொழும்புக்காரர், சிங்களவர், மெதுவான ஆங்கிலத்தில் பேசுவார். கீழே நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரிப்பு. அடித்தளத்தில் பந்தி நடக்கும் கூடம். எங்களுக்கு எடை போட்டது அங்கேதான், இலை அடுக்கி வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில்.

எடை மெஷின் அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய பலகைத் தராசு. அதை மண்டபத்துக்கு இரவல் கொடுத்தவர் ஜமால் பாய். பெரிய மார்க்கெட்டை ஒட்டி அரிசி மண்டி வைத்திருக்கிறார். ஹமீதாவின் அப்பா.

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் முதலியார்பேட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் காலை ஆறு மணிக்கு எங்களுக்கு வகுப்பு. எல்லோரும் நடந்தோ சைக்கிளிலோ வருவோம். ஹமீதா மட்டும் அப்பாவோடு வருவாள். அவர் போகவும் மாட்டார். மதில் மேல் உட்கார்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரமும் பார்ப்பார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு பார்ப்பார். அவள் கீழே விழுந்தால், “ஒண்ணுமில்ல பாப்பா, எந்திரி” என்பார். என் அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார்: “காலத் தூக்கிக்கினு ஆடறதெல்லாம் ஒரு படிப்பாடி?” கரும்புக் கொல்லையை விட்டு அவர் வந்ததே இல்லை. செத்து ஏழு வருடம் ஆகிறது. கோபம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

அந்தத் தராசை ஒவ்வொரு ஆள் ஏறும் முன்பும் பட்டனைத் தட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதை ஜமால் பாய்தான் செய்தார். வேறு யாருக்கும் அந்த மெஷின் பழக்கமில்லை. எட்டுப் பேருக்கும் அவரே தட்டினார். எனக்கு அறுபத்து நான்கு முந்நூறு. பிமலாவின் கண்ணாடி மெஷினில் பார்த்த அதே எண். ஹமீதாவுக்கு ஐம்பத்தெட்டு தொள்ளாயிரம்.

“நல்லாருக்கியாம்மா? வெளிநாட்டுச் சோறு ஒடம்புல ஒட்டிருக்கு” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

பிறகு ஓடு உடைப்பு. தட்டோட்டை அடுக்கி வைத்து முழங்கையால் ஒரே அடி. எத்தனை உடைகிறதோ அந்த எண்ணிக்கையை எழுதிக்கொள்வார்கள். எனக்கு ஒன்பது, ஹமீதாவுக்கு எட்டு. உடைந்த ஓட்டைப் பார்த்து அவள் உதட்டைக் கடித்தாள். அவள் அப்பா, “எட்டு போதும் பாப்பா, வூடு கட்டப் போறோமா” என்றார். அவள் சிரித்துவிட்டாள். ஒன்பது உடைத்த எனக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

பந்தியில் வத்தக்குழம்பும் அப்பளமும் பாயசமும். ஹமீதா மோர் மட்டும் குடித்தாள். நான் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

மூன்றாம் நாள்தான் பெண்களின் ஆட்டம். மண்டபத்துக்குப் போக வேனுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், பிமலாவோடு ஒரு டெம்போவில் ஏறினேன். எங்கள் ஊர் டெம்போ மூன்று சக்கரத்தில் ஓடுகிற சந்தைக்கடை. ஒரு மீன்கூடைக்காரம்மாள் பிமலாவின் கால்மேல் கூடையை வைத்துவிட்டு, “சீனாக்காரிப் பொண்ணா?” என்றாள். “நேபாளம்” என்றேன். “நீ?” என்றாள். ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. “தவளக்குப்பம்” என்றேன். “அப்ப ஏன் இவ்ளோ யோசிக்கிற?” என்றாள். இந்திரா காந்தி சிலைக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. மீதித் தூரம் ஓடினோம். உடம்பு சூடேற அது நல்லதாகப் போயிற்று.

ஆட்டத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். பெண்களில் எடைப்பிரிவு இல்லை. எட்டுப் பேரும் ஒரே கூடைதான். முகத்தில் கையால் குத்தக் கூடாது. காலால் தலையிலேயே உதைக்கலாம். உடம்பில் எங்கே வேண்டுமானாலும் குத்தலாம். விழுந்து மூன்று நொடிக்குள் எழாவிட்டால் ஆட்டம் முடிந்தது.

மூன்று நிமிடம் முதல் ஆட்டம். நாலு மூலையிலும் நாலு நடுவர்கள், ஒவ்வொருவர் கையிலும் சிவப்புக் கொடி ஒன்று, வெள்ளைக் கொடி ஒன்று. நடுவில் நிற்பவரையும் சேர்த்து ஐந்து பேர். மூன்று பேர் ஒரே பக்கம் சொன்னால்தான் வெற்றி. இல்லாவிட்டால் சமம், இன்னும் இரண்டு நிமிடம். அதுவும் சமமென்றால் இன்னொரு இரண்டு நிமிடம். அதற்கும் மேலே போனால் எடையைப் பார்ப்பார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இளைத்தவளுக்கு வெற்றி. கனமானவளை இவ்வளவு நேரம் தாங்கினாள் அல்லவா, அதற்கு. எடையும் ஒத்துவந்தால் உடைத்த ஓட்டின் கணக்கு. அதுவும் சமமானால் கடைசியாக இரண்டு நிமிடம். அதில் சமம் என்று யாரும் கொடி காட்ட முடியாது.

முதல் ஆட்டத்தில் ஒரு பாலக்காட்டுப் பெண்ணை ஒரு நிமிடத்தில் உட்கார வைத்தேன். அடுத்து பிமலா. கட்டிலுக்குக் கட்டில் பேசிக்கொண்டிருந்தவளின் தொடையில் உதைப்பது ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் உதைத்தேன். முடிந்ததும் அவள் என்னைக் கட்டிப்பிடித்து, “மீதியை அந்தப் பெண்ணுக்கு வைத்துக்கொள்” என்றாள்.

இறுதி ஆட்டம் ஹமீதாவோடு. மண்டபமே அவள் பெயரைக் கத்தியது. மாடியிலிருந்து ஒருத்தன், “யேய் கத்தாரு! ஒட்டகப் பாலு குடிச்சிட்டு வந்தியா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவன், “உதைக்காத ஹமீதா, பெட்ரோல் வெல ஏத்திடுவா” என்றான். இன்னும் சிரிப்பு. என் ஊர். என் ஊர்க்காரப் பயல்கள். நான் எந்தத் தெருவில் சைக்கிள் கற்றேனோ அந்தத் தெருப் பயலாகக்கூட இருக்கலாம்.

ஹமீதா நன்றாக ஆடினாள். எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் அதுதான் உண்மை. நான் நெஞ்சில் குத்திக் குத்தி அவளைப் பாய் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போவேன். அவள் பக்கவாட்டில் நழுவி என் தொடையில் ஒரு உதை வைப்பாள். அதே இடம். திரும்பத் திரும்ப அதே இடம். நானும் அவள் தொடையில் திருப்பி உதைத்தேன். அவள் மூலையில் அவள் அப்பா. உதவியாளராகப் பெயர் கொடுத்துவிட்டு அங்கே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். “மூச்ச வுடு பாப்பா. மூச்ச வுடு.” இவ்வளவுதான் ஏழு நிமிடமும் சொன்னார். என் மூலையில் பிமலா, நேபாளியில் எதையோ கத்தினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

முதல் மூன்று நிமிடம் சமம். அடுத்த இரண்டு சமம். அதற்கடுத்த இரண்டில் எனக்கு இரண்டு கொடி, அவளுக்கு இரண்டு கொடி. நடுவில் நின்றவர் கையைக் குறுக்கே போட்டுச் சமம் என்றார். எடைக்குப் போனார்கள்.

மைக்கில் படித்தார்கள். வித்தியாசம் ஐந்து கிலோ நானூறு கிராம். மண்டபம் எழுந்து நின்றது.

என் ஜப்பான் அங்கே முடிந்தது. இத்தனை வருடம் இரவுப் பணி முடித்து வந்து, தூங்காமல், மொட்டை மாடியில் தனியாக மூட்டையை உதைத்தவள் நான். அவளுக்கு அப்பா. அவளுக்கு ஊர். இப்போது அவளுக்கு எடையும்.

வெற்றியை அறிவிக்கும் முன் இரண்டு பக்கமும் ஆட்சேபம் உண்டா என்று கேட்பது வழக்கம். மாஸ்டர் வெறும் சடங்குக்காக என்னிடம் மைக்கை நீட்டினார். நான் வாங்கினேன்.

“தராசு யாருது? பாயோடது. பட்டனத் தட்டினது யாரு? பாய். ஏறினது யாரு? பாய் பொண்ணு. அப்ப கணக்கு எப்படி வரும்?”

மாஸ்டர், “மலரு!” என்றார். பிமலா என் கையைப் பிடித்து, “என்ன சொன்னாய்?” என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் முந்தின நாள் காலையில் கண்ணாடி மெஷினில் பார்த்த எண்ணைச் சொல்லியிருப்பாள்.

தராசு சரி என்று எனக்குத் தெரியும். அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தட்டினார் என்றும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஜமால் பாய் மெதுவாக எழுந்தார். முட்டி போட்டே இருந்ததால் கால் மரத்திருக்க வேண்டும், கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

“முப்பது வருசமா அரிசி நிறுக்கறேன். ஒரு கைப்பிடி கொறஞ்சிதுன்னு யாரும் வந்து நின்னதில்ல. மெஷின்ல கவர்மெண்ட்டு முத்திர இருக்கு, அத நான் காட்டப் போறதில்ல.” மூச்சு வாங்கினார். “ஆனா பேச்சுன்னு வந்துட்டுது. அந்தத் தராசால வர்ற ஜெயிப்பு எம் பொண்ணுக்கு வேணாம். அடுத்தது என்னமோ அதப் பாருங்க.”

“அத்தா!” ஹமீதா கத்தினாள். “யாரக் கேட்டுச் சொல்றீங்க? அடி வாங்கினது நானா நீங்களா?”

“நீ சும்மா இரு பாப்பா.”

மாஸ்டர் மேடைக்குப் போய்க் கொழும்புக்காரரிடம் மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் நெடுநேரம் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “மூலையில் இருப்பவருக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவே உரிமை உண்டு. எடையை விட்டுக்கொடுக்கவும் உண்டு என்றுதான் நான் கொள்கிறேன்” என்றார். அடுத்தது ஓடு. ஒன்பது, எட்டு.

என் கையைத் தூக்கினார்கள். கைதட்டல் வரவில்லை. மாடியில் ஒருத்தன் மட்டும் விசில் அடித்தான், அது கேலியா என்று தெரியவில்லை. ஹமீதா விதிப்படி என்னைக் குனிந்து வணங்கினாள். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. நேராக வெளியே நடந்தாள். அவர் அவளுடைய பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

அன்று மாலை கடற்கரைக்குப் போனேன். சுண்டல், மாங்காய், சுறா வறுவல் எல்லாம் வாங்கித் தின்றேன். ஜெயித்தவள் அல்லவா. எல்லாம் ஒரே ருசியாக இருந்தது.

நான்காம் நாள் மதியம் ஆண்கள் இறுதி ஆட்டம். அதன் பிறகு பரிசளிப்பு, ஜப்பானுக்கான கடிதம். காலையில் தோஹாவுக்கு எடுத்துப்போக வற்றலும் கருவாடும் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அரிசி மண்டிப் பக்கம் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அந்தப் பக்கம்தான் போனேன்.

கடையில் ஒரு அம்மாள் பையை நீட்டிக்கொண்டு நின்றாள். “பாய், கோச்சிக்காதீங்க. அந்தப் பக்கத்துக் கடத் தராசுல ஒரு தடவ போட்டுக் காட்டிடுங்க. நேத்து மண்டபத்துல என்னமோ ஆயிப்போச்சாமே.”

ஜமால் பாய் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வெல்லக் கடைக்குப் போனார், நிறுத்தார், திரும்பி வந்து அந்த அம்மாள் கையில் கொடுத்தார். அவள், “சரியாத்தான் இருக்கு” என்றாள். அவர் தலையாட்டினார். அடுத்து நின்ற ஆளும் பையை நீட்டினான். அவர் அதையும் தூக்கிக்கொண்டு போனார்.

கல்லாவில் ஹமீதா. தொடையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா கத்தாரு, அரிசி வேணுமா? அம்பது கிராம் சேத்தே போடச் சொல்றேன்.”

“கால் எப்படி இருக்கு?”

“உன் காலு எப்டி இருக்கு?”

என்னுடையது அவளுடையதைவிட மோசம். சொல்லவில்லை.

“எனக்கு உன் மேல கோவம் கம்மி” என்றாள். “அவரு மேலதான் கோவம். தராசு சரிதான்னு அடிச்சிப் பேசியிருக்கலாம். இல்ல, இன்னொரு மெஷின் கொண்டாங்கன்னு கேட்டிருக்கலாம். ஒரு பேச்சுக்கு ஜப்பானத் தூக்கிக் குடுத்துட்டு வந்து, இப்ப பாரு, பைய தூக்கிக்கினு கட கடயா அலையறாரு. காலையிலருந்து இது பதினோராவது பை.”

நான் பையோடு திரும்பி வரும் பாயைப் பார்த்தேன்.

“நீ ஏன் சொன்னேன்னு எனக்குத் தெரியும்க்கா. நான் வெள்ள பெல்ட்டா இருந்தப்பவே நீ எங்கத்தாவ ஒரு மாரி பாப்ப. நான் கூட அப்ப பயந்தேன். இந்தக்கா எங்கத்தாவத் தூக்கிக்கினு போயிடும்னு.”

அவள் சொல்லிவிட்டு ஒரு ஆளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தாள். நான் வற்றல் வாங்காமல் திரும்பினேன்.

மண்டபம்வரை நடந்தே போனேன். வழியில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்த மனிதரிடம் எந்த விலைக்கும் கொடுக்க முடியாத ஒரு பொருள் இருந்தது. தன் மகளின் ஜப்பானைக் கொடுத்து அதைக் காப்பாற்றினார். என்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நான் எதையும் கொடுத்துவிட்டு ஜப்பானுக்குப் போவேன்; கொடுத்தும் விட்டேன். அவருடைய மகள்மேல் இருந்ததைவிட, அவர்மேல் எனக்குப் பொறாமை அதிகமாயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல மனசு வந்து நான் மண்டபத்துக்குப் போகவில்லை. அது அவரிடம் மட்டும் இருக்கக் கூடாது, எனக்கும் வேண்டும் என்ற ஆத்திரத்தில் போனேன்.

பரிசளிப்புக்கு ஆள் நிறைய வந்திருந்தார்கள். ஹமீதாவும் அவள் அப்பாவும்கூட. இரண்டாம் பரிசு வாங்க வரச் சொல்லியிருந்தார்கள். மேடையேறி மாஸ்டரிடம் மைக்கைக் கேட்டேன்.

“திரும்பவுமா? வேணாம் மலரு, ஊரு சிரிச்சது போதும்.”

பிடுங்கினேன்.

“எடை போட்ட அன்னிக்குக் காலையில ரூம்ல வேற மெஷின்ல நின்னேன். அறுபத்து நாலு முந்நூறு. பாய் தராசுலயும் அதே. அவரு எட்டு பேருக்கும் ஒரே மாரிதான் பட்டனத் தட்டினாரு. தராசு சரி. நான் சொன்னது பொய். தெரிஞ்சே சொன்ன பொய். மார்க்கெட்டுல அரிசி வாங்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

யாரும் கைதட்டவில்லை. “சீ” என்று ஒரு பெண் குரல் கேட்டது. சரிதான்.

மாஸ்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்ட கொழும்புக்காரர் என்னிடம், “இதனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும் இல்லையா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுதித் தரச் சொன்னார். பந்தி மேசையில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்சேபம் பொய்யானதால் பழைய எடையே நிற்கும் என்று அறிவித்தார்கள். ஜப்பான் கடிதம் ஹமீதாவுக்கு. எனக்கு இரண்டாம் இடம்கூட இல்லை. என் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டாம் இடத்துக் கோப்பை பிமலாவுக்குப் போயிற்று. அவள் அதை வாங்கிக்கொண்டு வந்து, “உனக்குப் பைத்தியம். ஆனால் நன்றி” என்றாள்.

வலிக்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். அந்தக் கடிதத்தை அவள் மடித்துப் பையில் வைத்ததைப் பார்த்தபோது, அவள் தொடையில் இன்னும் நாலு உதை வைத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

பெட்டியோடு வாசலில் நின்றேன். வேன் இனி எனக்கு வராது. ஜமால் பாய் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார், பின்னால் ஹமீதா நொண்டிக்கொண்டு. என்னிடம் அவர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்டுக்காம்மா? இவள வூட்டுல வுட்டுட்டு வந்து உன்ன ஏத்திக்கினு போறேன். இரு.”

“வேணாம் அத்தா” என்றாள் ஹமீதா. “அது ஆட்டோல போவும்.”

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி பாப்பா” என்று வண்டியைக் கிளப்பினார்.

மகள் ஒரு வார்த்தை சொன்னதும் கேட்டுக்கொள்கிற அப்பா. அதற்கும் எனக்கு வயிறெரிந்தது. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.